பேட்டரியின் எடையும் வண்டியின் வருமானமும்
சிறு வாகனங்களை மின்வண்டியாக மாற்ற எண்ணுவோருக்கு ஒரு பாடம்

மும்பையின் துறைமுக ரயில் பாதையில் மான்குர்த் நிலையத்தைக் கடந்தால் கடற்கழி. அதற்கு அப்பால் வாசி. வெங்காயம், உருளைக்கிழங்கு, பழம், தானியம் எனப் பெருநகருக்கு வேண்டிய பொருள்கள் வந்திறங்கும் மொத்தச் சந்தை வாசியில் இருக்கிறது. அங்கிருந்து மான்குர்த், கோவண்டி, செம்பூர் கடைத்தெருக்களுக்கும், தமிழர்கள் பெருமளவில் வாழும் சீத்தா கேம்ப்புக்கும் சரக்கு கொண்டுவரும் மூன்று சக்கர வண்டிகள் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. மொபெட்டில் தண்ணீர்க் கேன்களும் இட்லி மாவும் ஏற்றிச் சென்று பிழைப்பவர்களும் இப்பகுதியில் உண்டு.

எரிபொருள் விலை ஏறும்போதெல்லாம் இவர்களிடையே ஒரு கேள்வி எழுகிறது. புதிய மின்வண்டி வாங்குவதற்குப் பதிலாக, இருக்கும் வண்டியின் எஞ்சினை எடுத்துவிட்டு மோட்டாரும் பேட்டரியும் பொருத்திக்கொண்டால் என்ன? இதற்கான கருவித் தொகுப்பைப் பணிமனைகளில் ‘கிட்’ என்கின்றனர். கிட் விற்பவரிடம் நாம் முதலில் கேட்பது, “ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?” என்பதே. அது தேவையான கேள்விதான். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று உள்ளன. பேட்டரி எத்தனை கிலோ? அது வண்டியில் எங்கே உட்காரும்? அதை யார், எப்படித் தூக்குவார்? வண்டியின் வருமானமும், ஓட்டுபவரின் பாதுகாப்பும், கடனின் தவணையும் இம்மூன்றுக்கான விடைகளைச் சார்ந்தே இருக்கின்றன. அவற்றை நாம் இக்கட்டுரையில் ஒவ்வொன்றாகக் காண்போம்.

ஆற்றலுக்கும் எடை உண்டு

மின் கட்டண ரசீதில் நாம் காணும் ஒரு ‘யூனிட்’ என்பது ஆயிரம் வாட்-மணி. பேட்டரியின் கொள்ளளவையும் இதே அலகில் அளக்கலாம். 48 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்று எழுதப்பட்ட பேட்டரியில் இரண்டையும் பெருக்கினால் 4,800 வாட்-மணி, அதாவது 4.8 யூனிட் கிடைக்கும்.

ஒரு கிலோ பெட்ரோலில், அதாவது ஏறத்தாழ 1.4 லிட்டரில், சுமார் 12 யூனிட் ஆற்றல் அடங்கியிருக்கிறது. சிறு எஞ்சின் அதில் ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே சக்கரத்துக்குக் கொண்டுசேர்க்கிறது. எஞ்சியது வெப்பமாகவும் புகையாகவும் போய்விடும். ஆகவே சக்கரத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 2.4 யூனிட். மின்மோட்டாரும் அதன் கன்ட்ரோலரும் சேர்ந்து ஐந்தில் நான்கு பங்கையாவது சக்கரத்துக்குக் கொடுக்கும். எனவே அதே வேலைக்குப் பேட்டரியில் 3 யூனிட் இருந்தால் போதும்.

அந்த 3 யூனிட்டின் எடை பேட்டரியின் வகையைப் பொறுத்தது. ஈய-அமில பேட்டரி ஒரு கிலோ எடையில் 30 முதல் 40 வாட்-மணி வரை தாங்கும். 35 என்று கொண்டால் 3 யூனிட்டுக்கு 86 கிலோ ஆகிறது. அதை முழுவதும் வற்றவிட்டால் அதன் ஆயுள் விரைவில் முடிந்துவிடும். பாதியளவே பயன்படுத்துவது நல்லது. ஆகவே உண்மையில் வேண்டியது 170 கிலோவுக்கு மேல். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில், பெட்டி, கம்பிகள், பாதுகாப்புச் சுற்று அனைத்தையும் சேர்த்து, கிலோவுக்கு நூறு வாட்-மணிக்குச் சற்று மேல் கிடைக்கும். அதே 3 யூனிட் ஏறத்தாழ 28 கிலோவில் அடங்கிவிடும். அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம்.

ஒரு கிலோ பெட்ரோலின் இடத்தில் 28 கிலோ, அல்லது 170 கிலோ. பெட்ரோல் ஓட ஓடக் குறையும்; பேட்டரியோ சார்ஜ் தீர்ந்த பிறகும் அதே எடையுடன் வண்டியில் இருக்கும். மாற்றப்பட்ட வண்டியின் சிக்கல்களில் பெரும்பாலானவை இங்கிருந்தே தொடங்குகின்றன.

காத்மாண்டுவின் பாடம்

தெற்காசியாவில் சிறு வாகனங்களை மின்வண்டியாக மாற்றியதற்கு மிக நல்ல சான்று நேபாளத் தலைநகரில் இருக்கிறது. மலைகள் சூழ்ந்த காத்மாண்டு பள்ளத்தாக்கில், லக்னோவில் தயாரான ‘விக்ரம்’ டீசல் மூன்று சக்கர வண்டிகள் கக்கிய புகை பெருந்தொல்லையாக இருந்தது. 1993இல் குளோபல் ரிசோர்சஸ் இன்ஸ்டிடியூட் என்ற அமெரிக்க அமைப்பு அத்தகைய வண்டி ஒன்றை மின்வண்டியாக மாற்றிக் காட்டியது. அதிலிருந்து வளர்ந்தவையே ‘சஃபா டெம்போ’க்கள். நேபாளியில் சஃபா என்றால் தூய்மை. 1999இல் டீசல் மூன்று சக்கர வண்டிகள் பள்ளத்தாக்கிலிருந்து விலக்கப்பட்டபின் சஃபா டெம்போக்கள் பெருகி, அறுநூறுக்கும் மேற்பட்டவை ஓடின. அவற்றின் ஓட்டுநர்களுள் பெண்கள் பலர்.

அவ்வண்டிகளில் பயன்பட்டது ஈய-அமில பேட்டரி. ஆறு வோல்ட் பேட்டரிகள் பன்னிரண்டைத் தொடராக இணைத்து 72 வோல்ட் பெற்றனர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 28 கிலோ. மொத்தம் முந்நூறு கிலோவுக்கு மேல். பத்துப் பேர் ஏறும் வண்டியில், ஏறக்குறைய ஐந்து பேரின் எடை பேட்டரியாகவே இருந்தது. அப்படியிருந்தும் ஒரு தொகுப்பு முழு நாளுக்குப் போதவில்லை. பகலில் சார்ஜ் நிலையத்துக்குச் சென்று, தீர்ந்த தொகுப்பை இறக்கி, நிரம்பிய தொகுப்பை ஏற்றிக்கொண்டு ஓட்டத்தைத் தொடர்ந்தனர். முந்நூறு கிலோ என்பது கையால் தூக்கக்கூடிய எடையன்று. அதற்கென நிலையம், கருவி, ஆள், இரண்டாவது தொகுப்புக்கான முதலீடு ஆகிய யாவும் தேவைப்பட்டன.

சஃபா டெம்போ தோற்றுப்போன முயற்சி அன்று. முப்பது ஆண்டுகள் கழிந்தும் அவ்வண்டிகள் சாலையில் இருக்கின்றன. அண்மைக் காலத்தில் சிலவற்றில் ஈய-அமிலத்தின் இடத்தில் லித்தியம் பொருத்தப்பட்டுள்ளது. ஆயினும் அதன் பொருளாதாரத்தைத் தீர்மானித்தது மோட்டார் அன்று. பேட்டரியின் எடையும், அதை மாற்றும் ஏற்பாடும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய தொகுப்பு வாங்கும் செலவுமே. மான்குர்த்தில் ஒரே ஒரு வண்டியை மாற்ற நினைப்பவருக்கும் இந்த மூன்றும் பொருந்தும்.

எடை கூடினால் மூட்டை குறையும்

ஒவ்வொரு வண்டிக்கும் சரக்கோடு சேர்ந்த மொத்த எடை வரம்பு ஒன்று ஆர்.சி. புத்தகத்தில் பதிவாகியிருக்கும். அச்சு, ஸ்பிரிங், டயர், பிரேக் ஆகிய அனைத்தும் அந்த வரம்புக்காகவே வடிவமைக்கப்பட்டவை. கிட் பொருத்தினால் அவை வலுப்பெற்றுவிடுவதில்லை. எனவே வண்டியின் சொந்த எடை கூடும் அளவுக்குச் சரக்கு குறைய வேண்டும்.

விளங்கிக்கொள்வதற்காக ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் போடுவோம். ஒரு மூன்று சக்கரச் சரக்கு வண்டியின் மொத்த வரம்பு 950 கிலோ. வெற்று வண்டி 450 கிலோ. ஓட்டுநர் 75 கிலோ என்று கொள்வோம். சரக்குக்கு எஞ்சுவது 425 கிலோ. ஐம்பது கிலோ மூட்டைகளாகக் கணக்கிட்டால் எட்டு மூட்டை.

இப்போது எஞ்சின், சைலன்சர், எரிவாயு உருளை முதலியவற்றைக் கழற்றுவதால் 100 கிலோ குறைகிறது. மோட்டார், கன்ட்ரோலர், பேட்டரியைத் தாங்கும் இரும்புச் சட்டம் ஆகியவற்றால் 55 கிலோ கூடுகிறது என்போம். அதன்மேல் 8 யூனிட் பேட்டரி வர வேண்டும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் அதன் எடை சுமார் 75 கிலோ. வெற்று வண்டி 480 கிலோவாகும், சரக்குக்கு 395 கிலோ, ஏழு மூட்டை.

ஈய-அமிலம் என்றால் சுமார் 230 கிலோ. வெற்று வண்டி 635 கிலோவாகும். சரக்குக்கு 240 கிலோ. நான்கு மூட்டை மட்டுமே.

விலையில் மலிவாகத் தோன்றும் பேட்டரி ஒவ்வொரு நடையிலும் நான்கு மூட்டையின் கூலியைத் தின்றுவிடுகிறது. எட்டு மூட்டையை எடுத்துச் செல்ல இரு நடை போக வேண்டும். இரு நடைக்கு இரு மடங்கு சார்ஜ் வேண்டும். ஈய-அமிலத்தில் பாதியளவே பயன்படுத்தத் தக்கது என்பதையும் இதனுடன் சேர்த்துப் பார்த்தால் கணக்கு இன்னும் பாதகமாகிறது.

கிட்டின் விலையை மட்டும் வைத்துக் கடன் தொகையை முடிவு செய்வது போதாது என்று நாம் கூறுவது இதனால்தான். தவணை கட்டப்போவது மூட்டைக் கூலியிலிருந்து. ஆகவே மாற்றத்துக்குப் பின் எத்தனை மூட்டை ஏற்றலாம் என்ற எண்ணே கணக்கின் முதல் வரியாக இருக்க வேண்டும். “கொஞ்சம் கூடுதலாக ஏற்றினால் என்ன?” என்பாரும் உண்டு. வரம்பை மீறிய வண்டி விபத்துக்குள்ளானால் காப்பீட்டு இழப்பீட்டில் சிக்கல் எழும். டயரும் பேரிங்கும் தேய்வது தனிச் செலவு.

எடை எங்கே உட்காருகிறது?

ஒரே எடை ஓரிடத்தில் வண்டியை நிலைப்படுத்தும். வேறோர் இடத்தில் கவிழ்க்கும்.

முதலில் இரு சக்கர வண்டி. பெட்டி வைக்க எளிய இடம் என்று பின் கேரியரில் பேட்டரியைக் கட்டும் வழக்கம் இருக்கிறது. இரு சக்கரங்களுக்கும் இடையிலான தூரம் 120 செ.மீ. உள்ள மொபெட்டில், பின் அச்சுக்கு 30 செ.மீ. பின்னால் 20 கிலோ பேட்டரி இருப்பதாகக் கொள்வோம். நெம்புகோல் விதிப்படி முன் சக்கரத்தின்மீதுள்ள சுமை 5 கிலோ குறையும். பின் சக்கரத்தின் சுமை 25 கிலோ கூடும். முன் சக்கரம் இலேசானால் கைப்பிடி ஆடும். மேடேறும்போதும் மணல் படிந்த திருப்பத்திலும் பிடிப்புக் குறையும். இதே 20 கிலோ கால்வைக்கும் தளத்துக்குக் கீழே, இரு சக்கரங்களுக்கும் நடுவில் இருந்தால் இரண்டும் பத்துப் பத்துக் கிலோவாகப் பகிர்ந்துகொள்ளும். எடை ஒன்றேயாயினும் வண்டியின் குணம் வேறாகிவிடுகிறது.

அடுத்து மூன்று சக்கர வண்டி. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு என்பதால் அது நிற்கும் இடம் ஒரு முக்கோணம். எடை அந்த முக்கோணத்தின் அகன்ற பக்கமாகிய பின் அச்சை நெருங்கியும், தாழ்ந்தும் இருந்தால் திருப்பத்தில் வண்டி நிலைத்து நிற்கும். உயரத்தில் ஏறினால் விரைவில் சாயும். சாயும் பக்கத்து விளிம்பு நடுவிலிருந்து 45 செ.மீ. தூரத்திலும், மொத்த எடையின் மையம் 60 செ.மீ. உயரத்திலும் இருக்கும் வண்டி, பத்து மீட்டர் ஆரமுள்ள திருப்பத்தில் கணக்கின்படி மணிக்கு 31 கி.மீ. வேகத்தில் சாயத் தொடங்கும். மையம் 75 செ.மீ. உயரத்துக்கு ஏறினால் அந்த வேகம் 28 கி.மீ. ஆகக் குறைகிறது. வேறுபாடு மூன்றே கிலோமீட்டர்தான். ஆனால் பழைய வண்டியில் பழகிய கை, பழைய வேகத்திலேயே திருப்பத்தில் நுழையும் என்பதை நாம் மறக்கலாகாது. பேட்டரியைப் பின் அச்சுக்கும் பின்னால் வெகுதூரம் தள்ளினால் முன் சக்கரம் தரையைப் பற்றாது, அதுவும் தவறு.

மூன்றாவது பிரேக். பிரேக்கின் பிடி மாறாமல் எடை மட்டும் பத்து விழுக்காடு கூடினால், நிற்பதற்கான தூரமும் பத்து விழுக்காடு கூடும். எஞ்சின் இருந்தபோது கியரைக் குறைத்து வேகத்தைத் தணிக்க முடிந்தது. மாற்றப்பட்ட வண்டியில் அந்த உதவி இல்லை. சில கிட்களில் மோட்டாரே வேகத்தைக் குறைத்து, மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பும் வசதி உண்டு. ஆனால் பேட்டரி நிரம்பியிருக்கும்போது அதனால் மேலும் வாங்கிக்கொள்ள இயலாது. காலையில் முழு சார்ஜுடன் புறப்பட்டு உடனே மேம்பாலத்தில் இறங்குபவர், அந்த உதவி கிட்டாது என்று எண்ணி ஓட்டுவதே நலம்.

நான்காவது ஏற்றம். கட்கோபர்–மான்குர்த் இணைப்புச் சாலையில் 2021இல் திறக்கப்பட்ட மேம்பாலத்தையும், சயான்–பன்வேல் நெடுஞ்சாலையின் பாலங்களையும் நாம் அறிவோம். முப்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சரிவில் 500 கிலோ வண்டியை ஏற்றுவதற்கு, சமதரையில் மெல்ல உருட்டத் தேவையானதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு விசை வேண்டும். கூடும் ஒவ்வொரு கிலோவும் இந்த மும்மடங்கில் பங்கு பெறும். சுமையுடன் சரிவின் நடுவே நின்று மறுபடி புறப்படும்போதுதான் மோட்டாரும் கன்ட்ரோலரும் மிகுதியாகச் சூடேறும். ஆகவே சோதனை ஓட்டத்தை வெற்று வண்டியில் சமதரையில் முடித்துக்கொள்ளாமல், வழக்கமான சுமையுடன் பாலத்தில் ஏற்றிப் பார்க்க வேண்டும்.

மழை நீரும் பேட்டரிப் பெட்டியும்

பேட்டரி தாழ்ந்திருக்க வேண்டும் என்று கண்டோம். மும்பையிலோ தாழ்ந்த இடமெல்லாம் மழைக்காலத்தில் நீருக்குள் போகும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை பதிவானதை நகரம் இன்னும் மறக்கவில்லை. கடற்கழியை ஒட்டிய மான்குர்த்தில் ஓதமும் கனமழையும் சேர்ந்து வரும் நாள்களில் முழங்கால் அளவு நீர் புதிதன்று.

இதற்கு விடை பேட்டரியை உயரத்தில் ஏற்றுவதன்று; பெட்டியை நீர்புகாததாக அமைப்பதே. ‘ஐபி67’ என்ற தரக் குறியீடு, ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் மூழ்கினாலும் உள்ளே தீங்கு தரும் அளவில் நீர் புகாது என்பதைக் குறிக்கும். பேட்டரிக்கு அக்குறியீடு உண்டா என்று கேட்பதோடு, கம்பி நுழையும் இடமும் இணைப்பானும் அதே தரத்தில் உள்ளனவா என்றும் கேட்க வேண்டும். பழுதுபார்க்கப் பெட்டியை ஒருமுறை திறந்தபின், புதிய ரப்பர் வளையம் இட்டு மூடினாலன்றி அந்த உறுதி நீடிக்காது. தாழ்ந்த பெட்டி வேகத்தடையில் இடிக்காதிருக்க, அடியில் உலோகக் காப்புத் தகடும் வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய பேட்டரியை, வெளியே உலர்ந்து தோன்றினாலும், வல்லுநர் பார்க்கும்வரை சார்ஜ் செய்யலாகாது.

தூக்கும் கைகள்

வண்டி நிறுத்துமிடத்தில் மின் இணைப்பு இருந்தால் பேட்டரியைத் தூக்க வேண்டியதில்லை. மான்குர்த்தில் எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை. லல்லுபாய் காம்பவுண்டின் மாடிக் குடியிருப்புகளிலோ குறுகிய சந்து வீடுகளிலோ வாழ்பவர், பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுசெல்ல நேரிடும். அப்போது எடை முதுகெலும்பைப் பற்றிய விஷயமாகிறது.

அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான ‘நியாஷ்’ வகுத்த சூத்திரத்தின்படி, எல்லாம் சாதகமாக இருக்கும் நிலையில் ஒருவர் தூக்கத்தக்க எடை 23 கிலோ. சுமை உடலோடு ஒட்டி, இடுப்புக்கு அருகில், திரும்பாமல் தூக்கும் நிலை அது. அதே சுமையைக் கணுக்கால்களிலிருந்து 25 செ.மீ. தூரத்துக்குப் பதில் 50 செ.மீ. தூரத்தில் பிடித்துத் தூக்கினால் வரம்பு பாதியாகி, 11.5 கிலோவாகிறது. இருக்கைக்குக் கீழே குனிந்து, கையை நீட்டி, பெட்டியை வெளியே எடுக்கும்போது நாம் நிற்பது இந்த நிலையில்தான். சுமை தூக்குவோரின் நலனுக்காக 1969இலேயே மாத்தாடித் தொழிலாளர்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றிய மாநிலம் மகாராஷ்டிரம். தனக்குத்தானே சுமை தூக்கும் சிறு வண்டிக்காரருக்கு அத்தகைய காப்பு இல்லை. அவரே தம் உடலுக்கு வரம்பு வகுத்துக்கொள்ள வேண்டும்.

கழற்றி மாற்றும் பேட்டரிகளை வடிவமைப்பவர்கள் இதைக் கருத்தில் கொள்கின்றனர். ஹோண்டா நிறுவனத்தின் மாற்றுப் பேட்டரி ஏறத்தாழ 10 கிலோ, அதில் 1.3 யூனிட் அடங்கும். நம் அண்டை நகரமான தானேயில் 2021இல் முப்பது மின் ஆட்டோக்களில் அந்நிறுவனம் அதை ஓட்டிச் சோதித்தது. பெரிய பேட்டரி ஒன்றுக்குப் பதில் சிறியவை பல என்பதே இதன் முறை. கிட் வாங்குபவரும் இதைக் கேட்கலாம்: 30 கிலோவில் ஒரே பெட்டியா, பத்துப் பத்துக் கிலோவில் மூன்றா? மூன்று முறை படியேற வேண்டும் என்றாலும் முதுகு பிழைக்கும்.

தூக்கும்போது கடைப்பிடிக்க வேண்டியவை சில. முழங்காலை மடக்கி, பெட்டியை உடலோடு அணைத்துத் தூக்குக. கைப்பிடியைப் பற்றுக, கம்பியைப் பற்றித் தூக்கலாகாது. மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிடுக. இரு முனைகளுக்கும் குறுக்கே உலோகம் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து சுடும். ஸ்பேனரின் பிடிக்கு மின்தடுப்பு உறை இருக்கட்டும். ஈய-அமில பேட்டரியைச் சாய்க்கலாகாது. சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வெளிப்படுவதால் காற்றோட்டம் வேண்டும். அருகில் நெருப்புக் கூடாது. லித்தியம் பேட்டரி கீழே விழுந்தால் வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே பழுதாகியிருக்கலாம். விழுந்ததைச் சோதிக்காமல் சார்ஜ் செய்யலாகாது.

வீட்டுக்குள் சார்ஜ் செய்வது குறித்து ஒரு வார்த்தை. 2022 மார்ச்சில் வேலூரில் இரவில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றி, தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அவ்வாண்டு நாட்டின் பல இடங்களில் நேர்ந்த தீ விபத்துகளை அடுத்து, இரு சக்கர, மூன்று சக்கர மின்வண்டிகளின் பேட்டரிகளுக்கான ‘ஏஐஎஸ்-156’ தரவிதிகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரு கட்டங்களில் நடைமுறைக்கு வந்தன. தரச்சான்று பெற்ற பேட்டரியையும் அதற்குரிய சார்ஜரையும் மட்டுமே பயன்படுத்துக. வீட்டைவிட்டு வெளியேறும் ஒரே வாசலையும் மாடிப்படியையும் அடைத்துச் சார்ஜ் செய்யலாகாது. உறங்கும்போது சார்ஜ் ஏற விடலாகாது. ஓடி வந்த சூடு தணிந்தபின் தொடங்குக.

மண்டாலாவின் பழைய சாமான் கிடங்குகளுக்கு அருகில் வாழும் நமக்கு, பழைய லேப்டாப் செல்களைச் சேர்த்துப் பேட்டரி கட்டித்தருவதாகச் சொல்பவர்களைச் சந்திக்கும் வாய்ப்பு மிகுதி. வயதும் வலுவும் வேறுபட்ட செல்களை ஒன்றாகக் கட்டினால் நலிந்தது முதலில் சூடேறும். இலேசாகவும் மலிவாகவும் இருப்பினும் அது வேண்டா. ஆயுள் முடிந்த பேட்டரியை, 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, விற்றவர் வழியாகவோ பதிவுபெற்ற மறுசுழற்சியாளர் வழியாகவோ ஒப்படைக்க வேண்டும்.

பதிவு, காப்பீடு, கடன்

எஞ்சினை மோட்டாராக மாற்றுவது வண்டியின் பதிவு விவரங்களையே மாற்றும் செயல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இத்தகைய மாற்றங்களைப் பற்றியது. மின்மாற்றக் கிட்களுக்கான தரவிதி ‘ஏஐஎஸ்-123’. புனேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற சோதனை நிறுவனங்கள் அதன்படி கிட்டைச் சோதித்துச் சான்றளிக்கின்றன. சான்று கிட்டுக்குப் பொதுவாகத் தரப்படுவதன்று; எந்த வகை வண்டிக்கு என்று அதில் குறிக்கப்பட்டிருக்கும். நம் வண்டி அதில் அடங்குகிறதா என்று பார்த்தபின்பே முன்பணம் தர வேண்டும். சான்றுபெற்ற கிட்டில் அதிக கிலோமீட்டருக்காக இன்னொரு பேட்டரியைத் தாமாகச் சேர்த்துக்கொண்டால், சோதிக்கப்பட்ட எடையும் இடமும் மாறிவிடுவதால் அந்தச் சான்றின் பொருள் போய்விடுகிறது.

மான்குர்த் வாசிகளின் வண்டிகள் பெரும்பாலும் ‘எம்எச்-03’ எண்ணில், வடாலாவிலுள்ள மும்பை கிழக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவானவை. மாற்றத்துக்குப் பின் ஆர்.சி.யில் எரிபொருள் வகை திருத்தப்பட வேண்டும். வண்டியின் எடையும் அதில் சரியாகப் பதிவாகியுள்ளதா என்று பார்த்துக்கொள்க. காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்துமூலம் தெரிவித்து, பாலிசியில் மாற்றத்தைக் குறித்துப் பெறுக. தெரிவிக்காமல் விட்ட மாற்றம், விபத்து நேர்ந்த நாளில்தான் வெளிப்படும்.

வண்டியின்மீது கடன் நிலுவையில் இருந்தால், எஞ்சினைத் தொடுவதற்கு முன்பே கடன் கொடுத்த வங்கியின் எழுத்துபூர்வ ஒப்புதலைப் பெற வேண்டும். அந்த வண்டி வங்கிக்கும் ஈடாக இருப்பதே காரணம். கிட்டுக்காகப் புதிய கடன் கேட்பவர், கடனின் காலத்தைப் பேட்டரியின் உத்தரவாதக் காலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். உத்தரவாதம் மூன்றாண்டும் தவணை ஐந்தாண்டுமாக இருந்தால், கடன் தீருமுன்பே புதிய பேட்டரிக்கும் பணம் தேட நேரிடலாம்.

கையெழுத்திடுமுன் கேட்க வேண்டியவை

1. பேட்டரி எத்தனை யூனிட், எத்தனை கிலோ? இரண்டும் விலைப்பட்டியலில் எழுதப்பட்டுள்ளனவா?
2. மாற்றத்துக்குப் பின் வெற்று வண்டியின் எடை என்ன? எடைமேடைச் சீட்டு தருவார்களா?
3. மொத்த வரம்புக்குள் எத்தனை மூட்டை ஏற்றலாம்? அந்தக் கூலியில் தவணை கட்ட இயலுமா?
4. பேட்டரி எந்த இடத்தில், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உட்காருகிறது?
5. பிரேக், ஸ்பிரிங், டயர் ஆகியவை கூடிய எடைக்கு ஏற்பப் பார்க்கப்பட்டனவா?
6. பெட்டிக்கும் இணைப்பானுக்கும் ‘ஐபி67’ தரம் உண்டா?
7. கழற்ற வேண்டியிருந்தால் ஒரு பெட்டி எத்தனை கிலோ? நல்ல கைப்பிடி உண்டா?
8. கிட்டின் ‘ஏஐஎஸ்-123’ சான்று நம் வண்டி வகையைக் குறிப்பிடுகிறதா? பேட்டரிக்கு ‘ஏஐஎஸ்-156’ சான்று உண்டா?
9. ஆர்.சி. திருத்தத்தைச் செய்து தரும் பொறுப்பு யாருடையது?
10. உத்தரவாதம் எத்தனை ஆண்டு? அது முடிந்தபின் புதிய பேட்டரியின் விலை என்ன?

இவற்றுள் முதல் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் விடை தர மறுப்பவரிடம் கிட் வாங்காதிருப்பதே நலம். விடை கிடைத்தால் அத்தாளையும், ஆர்.சி. நகலையும், ஒரு மாத வரவு செலவுக் குறிப்பையும் எடுத்துக்கொண்டு வங்கிக் கிளைக்குச் செல்லுங்கள். மாற்றுவது இலாபமா, பழைய வண்டியை விற்றுப் புதிய மின்வண்டி வாங்குவது இலாபமா என்பதை அந்த மூன்று தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்து முடிவு செய்யலாம்.